கோட்டுக்குள் மூன்று பேர்

எங்கள் ரைஃபிள் கிளப்பில், கோட்டுக்குள் ஊறிக் கிடக்கும் வியர்வை அதைப் போட்டிருப்பவருக்குச் சொந்தமில்லை. யாரால் வியர்த்ததோ அவருக்குத்தான் சொந்தம். போட்டிக்கு முன்னால் அதை உரியவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. உரியவர் கோட்டை மாட்டி, பக்கிள்களைப் பூட்டிக்கொண்டு சற்று நேரம் நிற்பார். அவர் பங்கு அவர் உடம்புக்கு ஏறிவிடும். கோட்டில் அந்த இடம் காய்ந்து, கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்ததுபோலப் புதுக் கேன்வாஸ் வாசனை அடிக்கும்.

கோட்டு என்றதும் கல்யாண மாப்பிள்ளை போடுகிற கோட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். சுடுகிறவன் உடம்பு ஆடாமல் பிடித்து வைப்பதற்காகக் கெட்டிக் கேன்வாஸிலும் தோலிலும் தைத்தது. தோளிலும் முழங்கையிலும் துப்பாக்கி வழுக்காமலிருக்க ரப்பர் ஒட்டியிருக்கும். கழற்றித் தரையில் வைத்தால் தானாகவே நிற்கும். போட்டிருப்பவனைவிட அது நன்றாக நிற்கிறது என்று எங்கள் கோச் அபிப்பிராயப்பட்டார். அதனால் காலைப் பயிற்சியைக் கோட்டுகளுக்குக் கொடுத்துவிட்டு எங்களை டீ குடிக்க அனுப்பிவிடுவார்.

அதைத் துவைக்கக் கூடாது. தண்ணீரில் முக்கினால் கேன்வாஸ் துவண்டு போகும். துவண்ட கோட்டைப் போட்டியில் விட மாட்டார்கள். எங்கள் மெம்பர் பொன்னுச்சாமி ஒருமுறை விவரம் தெரியாமல் தன்னுடைய கோட்டைச் சோப்புத்தூளில் ஊற வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அதனால் எதையும் தாங்க முடியவில்லை. பக்கத்தில் யாராவது குரலை உயர்த்தினால் மடங்கி உட்கார்ந்துவிடும். இப்போது அவர் அதைத் துட்டி கேட்கச் சாவு வீடுகளுக்கு மட்டும் கூட்டிப் போகிறார். அங்கே அதற்கு நல்ல பெயர்.

என் விஷயத்துக்கு வருகிறேன். மூத்தோர் பிரிவில் மாநில அணிக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஒரே ஒரு ஆள் போக வேண்டும். போட்டி போபாலில். தகுதியுள்ளவர்கள் இரண்டு பேர். ஒன்று நான், ஆவுடையப்பன். இன்னொன்று ஆல்பர்ட் தங்கையா. உப்புக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பக்கத்து லேனில் நின்று சுடுகிறவர்.

மெடலுக்காக நாங்கள் அடித்துக்கொள்ளவில்லை. வெளியூர் போட்டிக்குப் போய்விட்டு வந்தவர் சாயங்காலம் கிளப் பெஞ்சில் உட்கார்ந்து போய்வந்த கதையைச் சொல்வார். போகாதவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். கதை முடிகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. இது கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிற வழக்கம். ஆல்பர்ட் பல வருஷங்களுக்கு முன்னால் கொச்சிக்குப் போனார். அந்தக் கதை இன்னும் எர்ணாகுளம் ஸ்டேஷனை விட்டு வெளியே வரவில்லை. பிளாட்பாரத்தில் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியை வாங்கிக்கொண்டு நிற்கிறார். எண்ணெய் சூடு பற்றி ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இந்த மனிதர் போபாலுக்கும் போய்விட்டு வந்தால், என் பாக்கி ஆயுசு முழுக்க வண்டியிலேயே கழிந்துவிடும். ஊர் வந்து சேர மாட்டேன். அதனால் போபாலுக்கு நான்தான் போயாக வேண்டும்.

என் கோட்டோ நாறிக் கிடந்தது. மலையடிவாரத்தில் தகரக் கொட்டகை. அதற்குள் நின்று வருஷக்கணக்காகச் சுட்டிருக்கிறேன். என் மனைவி உலகம்மாள் அதை வீட்டுக்குள் விடுவதில்லை. மொட்டைமாடிக் கொடியில்தான் கிடக்கும். காக்காய்கள் எங்கள் வீட்டைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகும்.

“என்னங்க, ஒண்ணு இந்த வீட்டுல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்,” என்றாள். “வந்தவங்க எல்லாம் வாசல்லயே நின்னு பேசிட்டுப் போறாங்க. காப்பி குடிக்கச் சொன்னா, ‘இல்லக்கா, மூக்கப் புடிச்சுக்கிட்டு எப்படிக்கா குடிக்கது’ங்காங்க.”

“போட்டிக்குள்ள சரி பண்ணிருவோம்ளா.”

“என்னத்த சரி பண்ணப் போறீங்க. குடுங்க இங்க.”

அவளே இறங்கினாள். ஈரத்துணியைப் பிழிந்து வெளிப்புறம் முழுவதும் துடைத்தாள். உட்புறத்தில் ஆப்பச் சோடாவைத் தூவி, ஊறவிட்டு, பழைய பிரஷ்ஷால் தட்டி எடுத்தாள். வினிகரில் தண்ணீர் கலந்து, இஸ்திரி போடும்போது துணிக்கு அடிக்கிற பாட்டிலில் ஊற்றி அக்குளில் லேசாக அடித்தாள். கைகளுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, அகலமான மர ஹேங்கரில் மாட்டி, நிழலாகப் பார்த்துத் தொங்கவிட்டாள்.

இதில் வெயிலால் வியர்த்த பங்கு வெயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. தோலை வெயிலில் போட்டால் வெடித்துவிடும் என்பதால் கோட்டை நாங்கள் நகர்த்தவில்லை. மத்தியானம் வெயில்தான் நிழலுக்குள் இறங்கி வந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டது. போகிற போக்கில் கொடியில் கிடந்த ஒரு துண்டையும் காயவைத்துவிட்டுப் போனது. நாற்றம் பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதி அசையவில்லை. மனிதரால் வந்த வியர்வை ஆப்பச் சோடாவுக்குக் கட்டுப்படாது.

அந்த வாரம் அற்புதக்கனி மேடம் கிளப்புக்கு வந்தார். கோட்டுப் பரிசோதனை அவர் பொறுப்பு. காப்பிப்பொடி டப்பாவைத் திறந்து ஒருதரம் முகர்ந்து மூக்கைச் சுத்தப்படுத்திக்கொண்டார். பிறகு என் கோட்டின் கழுத்தில் ஆரம்பித்து, தோள், முழங்கை என்று கீழே வந்தார். மறுபடி காப்பிப்பொடி. மறுபடி கழுத்து.

“ஆவுடையப்பன் சார், உள்ள மூணு பேரு இருக்காங்க,” என்றார்.

“யாரு யாரு மேடம்?”

“அத நான் சொல்லக் கூடாது சார். ரகசியம் காக்குறேன்னு சத்தியம் பண்ணித்தான் இந்த வேலைக்கு வந்துருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், அதுல ஒருத்தங்க தேங்காய்ப்பால் புழியுறவங்க.”

“ஞாயித்துக்கிழமை செலக்ஷனுக்குள்ள குடுத்துட்டா போதுமா?”

“போதும். ஒங்களுக்குச் சொந்தமானது மட்டும்தான் உள்ள இருக்கணும். அடுத்தவங்க வேர்வையோட லேன்ல நின்னா, அடுத்தவங்க கை குடுத்த மாதிரி. விதியில இருக்கு.”

உரியவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கோட்டைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். யாருடைய வியர்வை அதிகமாக இருக்கிறதோ அவர் பக்கம் அது சாயும். வீட்டுக் கூடத்தில் நிறுத்தினேன். நிறுத்திய மாத்திரத்தில் அடுக்களைப் பக்கம் சாய்ந்தது. தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தது.

தேங்காய்ப்பால் சொதி கிண்டிக்கொண்டிருந்த உலகம்மாள் எட்டிப் பார்த்தாள். “என்னையவா பாக்குது?”

“ஆமா.”

“நான் என்ன செஞ்சேன்?”

“நான் கிளம்பும்போதெல்லாம் வாசல்ல வந்து நின்னு, ‘மோட்டார அமத்துனீங்களா’ன்னு கேப்பெல்லா. அங்க போயி துப்பாக்கியத் தூக்குனா கண்ணுக்கு முன்னால டார்கெட்டு தெரியாது. டேங்க் நெறஞ்சு வழியுறதுதான் தெரியும்.”

“அமத்தாமத்தானே போறீங்க?”

“போறேன். அதான் வேர்க்கு.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கோட்டை வாங்கி, சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். பக்கிள்களை நான் பூட்டினேன். முழங்கை மடங்காது என்பதால் கரண்டியைப் பிடித்த கையை அவளால் சுழற்ற முடியவில்லை. உடம்பையே மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிச் சொதியைக் கிண்டினாள். ஒரு துளி சிந்தவில்லை. முருங்கைக்காய்த் துண்டுகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து வரிசையாக நின்றன. கொஞ்ச நேரத்தில் அவள் கழுத்தில் முத்து முத்தாகப் பூத்தது.

கழற்றிக் கொடுத்தபோது கோட்டின் காலர் புத்தம் புதிதாக மணத்தது.

“கழுத்துப் பக்கம் ரொம்ப நாளா என்னவோ காணாமப் போன மாதிரியே இருந்துச்சு,” என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். “வந்துட்டு.”

அடுத்த நாள் கோட்டை ஸ்கூட்டரின் பின் சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினேன். பஜாரில் தெரிந்தவர்கள் எனக்கும் அதற்கும் சேர்த்து வணக்கம் வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டு சிக்னலில் நிற்கும்போது கோட்டு இடது பக்கமாகச் சாய்ந்தது. அந்தப் பக்கம் பல் டாக்டர் சண்முகவடிவின் கிளினிக்.

உள்ளே போனோம். எங்களுக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள். கோட்டுக்கு ஒரு நாற்காலி ஒதுக்கினார்கள். எங்கள் முறை வந்து உள்ளே போனபோது டாக்டர் ஒரு நோயாளியின் வாயைத் திறந்துவைத்து, பல் பிடுங்கும் இடுக்கியோடு நின்றிருந்தார். கோட்டைப் பார்த்தார், அது அவர் பக்கம் வலது தோளைக் கொடுத்துச் சாய்ந்தது.

“ஐயா, கடவாய்ப் பல்ல எடுக்கணும்னு எப்பவோ சொன்னேன். நீங்க இந்தப் பக்கமே வரல,” என்றார்.

“துப்பாக்கிக் கட்டையில கன்னத்த வைக்கும்போது அந்தப் பல்லுதான்ம்மா படுது. பட்டதும் ஒங்க ஞாவகம். ஞாவகம் வந்ததும் தோள் வரைக்கும் நனைஞ்சுருது.”

“அப்ப இது என்னுதுதான். குடுங்க.”

வெள்ளைக் கோட்டுக்கு மேல் இதை மாட்டிக்கொண்டார். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டிருந்தவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் இடுக்கியை நீட்டி, அவர் பல்லுக்கு நேராக, ஒரு மயிரிழை அசையாமல் நின்றார். கை அவ்வளவு நிதானமாக நிற்பதைப் பார்த்துவிட்டுப் பல் தானாகவே எழுந்து வந்து இடுக்கியில் உட்கார்ந்தது. டாக்டர் நெற்றியில் வியர்வை ஓடியது. தோள் காய்ந்தது.

நான் கோட்டை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன்.

“வேர்வையத்தான் ஐயா திரும்ப எடுத்துருக்கேன்,” என்றார் டாக்டர். “ஒங்க பல்ல இன்னும் எடுக்கல.”

மிச்சமிருந்தது இடது முழங்கை. அது யாருடையது என்று கோட்டைக் கேட்கவே வேண்டியதில்லை. நான் மூச்சைப் பிடித்து, டிரிகரில் விரல் வைக்கிற நேரம் பார்த்துப் பக்கத்து லேனில் ஒரு செருமல் கேட்கும். பெரிய செருமல் இல்லை. கோயிலில் பூசாரி கவனம் இந்தப் பக்கம் திரும்புவதற்காக ஆட்கள் செருமுவார்களே, அந்த மாதிரி. அவ்வளவுதான், துப்பாக்கியைத் தாங்குகிற முழங்கையில் சொட்ட ஆரம்பித்துவிடும்.

ஆல்பர்ட் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியதுமே கோட்டு இறங்கிப் போய் அழைப்பு மணியில் சாய்ந்தது. அவர் கதவைத் திறந்தார். அது அவர் நெஞ்சில் போய்ச் சாய்ந்தது. அவர் அதை மரியாதையாக நிமிர்த்தி நிறுத்திவிட்டு, “வாரும் வே,” என்றார்.

“ஆல்பர்ட், ஒம்ம பொருள் ஒண்ணு என்கிட்ட கெடக்கு.”

“என்ன பொருள்?”

“முழங்கையில கொஞ்சம்.”

குனிந்து முகர்ந்து பார்த்தார். முகம் மாறவில்லை. “இது என்னுது இல்ல வே.”

“கோட்டே சொல்லுதே.”

“கோட்டு ஒம்ம கோட்டு. ஒமக்குத்தான சாட்சி சொல்லும்?”

“செருமுனது யாரு?”

“எனக்குத் தொண்டை அப்படி. ஆண்டவர் குடுத்த தொண்டை. வேணும்னா அவர்கிட்ட கொண்டுபோயிக் குடும்.”

“ஓய், மாட்டிட்டு ஒரு நிமிசம் நின்னா ஒமக்கு என்ன கொறைஞ்சு போகும்?”

ஆல்பர்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறைக்கிற ஆளில்லை அவர். அதைச் சொல்லியாக வேண்டும். “நான் மாட்டுனா ஒம்ம கோட்டு சுத்தமாயிரும். நீரு போபாலுக்குப் போவீரு. போயிட்டு வந்து பெஞ்சுல உக்காந்து, வண்டி கெளம்புனதுல இருந்து ஆரம்பிப்பீரு. நான் உக்காந்து கேக்கணும். கொச்சிக் கதைய நான் எப்ப வே முடிக்கது? பாதியில நிக்கேன். கையில பழம்பொரி வேற.”

“நான் சுருக்கமாச் சொல்லுவேன்.”

“நீரா? போன வாரம் ஒரு எலி புடிச்ச கதைய மூணு சாயங்காலம் சொன்னீரு. அந்த எலியே சீக்கிரம் முடியும்னு ஆசைப்பட்டுருக்கும்.”

டீ வந்தது. கோட்டுக்கும் ஒரு டம்ளர் வைத்தார். ஆனால் கடைசி வரைக்கும் மாட்டவில்லை. உரியவர் மறுத்தால் கட்டாயப்படுத்த முடியாது; விதியில் அதுவும் இருக்கிறது. முழங்கை நாற்றத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் கோட்டு பின்பக்கமாகத் திரும்பி அவர் வீட்டையே பார்த்துக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. உலகம்மாளும் ஃபிளாஸ்க்கில் காப்பியோடு கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தாள். ஆல்பர்ட் தன் கோட்டைப் பெரிய பையில் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். அற்புதக்கனி மேடம் மேசை போட்டுக் காப்பிப்பொடி டப்பாவைத் திறந்தார்.

முதலில் என்னுடையது. கழுத்து, தோள் எல்லாம் முகர்ந்துகொண்டு வந்தவர் முழங்கையில் நின்றார்.

“ஆல்பர்ட் சார் மட்டும்தான் இருக்காரு,” என்றார். இந்தக் கட்டத்தில் பெயரைச் சொல்லலாம்.

“அவரு எடுத்துக்கிட மாட்டேன்னுட்டாரு மேடம். அது ஒண்ண விட்டுட்டா மீதியெல்லாம் நான்தானே?”

“மீதின்னு ஒண்ணும் இல்ல சார். ஒங்களால வேர்த்தது ஒரு சொட்டுகூட இதுல இல்ல.”

பின்னாலிருந்து உலகம்மாள் குரல் வந்தது. “இத்தன வருசமா அந்தக் கோட்டக் கட்டிக்கிட்டு அழுதீங்க. சொந்தமா ஒரு சொட்டு சம்பாதிக்கலியா?”

யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது நியாயம்தான். என்னைப் பார்த்து நான் ஒருநாளும் பயந்ததில்லை.

ஆல்பர்ட் பையைத் திறந்து தன் கோட்டை எடுத்து நிறுத்தினார். அது நிமிர்ந்து நிற்கவில்லை. கழுத்து, இடுப்பு என்று மொத்தமாக என் பக்கம் சாய்ந்தது. அதே நேரம் என் கோட்டு அவர் பக்கம் சாய்ந்தது. குறுகலான சந்தில் எதிரெதிரே வந்துவிட்டவர்களைப் போல இரண்டும் ஒன்றை ஒன்று கடக்கப் பார்த்து முட்டிக்கொண்டு நின்றன. மேடம் இரண்டையும் பிரித்துவிட்டு, ஆல்பர்ட் கோட்டை முகர்ந்தார். காப்பிப்பொடிக்குக்கூட அவர் திரும்பவில்லை.

“இது முழுக்க ஆவுடையப்பன் சாரு. நெஞ்சு, முதுகு, ரெண்டு அக்குள். வேற யாருமே இல்ல.”

எனக்கு, பெயர் தெரியாத சித்தப்பா ஒருவர் வீடு எழுதிவைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. ஆல்பர்ட் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓய்,” என்றேன், “நான் ஒருநாளும் செருமுனதில்லையே?”

“அதான் வே,” என்றார் ஆல்பர்ட். “எப்ப செருமுவீரு, எப்ப செருமுவீருன்னு காத்துக்கிட்டு நின்னே எனக்கு வேர்த்துட்டு.”

மேடம் காப்பிப்பொடி டப்பாவை மூடினார். “விதிப்படி ரெண்டும் சுத்தமான கோட்டு. ஆளு மட்டும் மாறி இருக்கு. மாத்திக்கிடுங்க.”

மாற்றிக்கொண்டோம். ஆல்பர்ட் பருத்த சரீரம். நான் அந்தக் காலத்திலிருந்தே இந்த ஒல்லி உடம்புதான். அவருடைய கோட்டுக்குள் நான் தாராளமாக இருந்தேன். ஒருமுறை உள்ளுக்குள்ளேயே திரும்பி உலகம்மாளைப் பார்த்துவிட்டு வந்தேன். கோட்டு அப்போதும் டார்கெட்டைப் பார்த்துத்தான் நின்றது. என் கோட்டுக்குள் ஆல்பர்ட்டை ஏற்றுவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பூட்டி முடித்ததும் அவரால் மூச்சு விட முடியவில்லை. சுடும்போது மூச்சைப் பிடிக்க வேண்டும் என்பதால் அது அவருக்குச் சாதகமாகப் போயிற்று. பேசவும் முடியவில்லை, செருமவும் முடியவில்லை.

எங்கள் இருவருக்கும் நடுவில் மரியாதைக்காக ஒரு லேனைக் காலியாக விட்டிருந்தார்கள். அதிலும் வழக்கப்படி ஒரு டார்கெட் தொங்கியது.

சுட்டோம். நான் ஒரு பத்து போட்டால் அவரும் ஒரு பத்து போட்டார். நான் கொஞ்சம் விலகினால் அவரும் அதே அளவு விலகினார். முடித்து எண்ணிப் பார்த்தபோது இருவருக்கும் ஒரே புள்ளி. உலகம்மாள் காப்பியை ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆல்பர்ட்டின் டம்ளரை அவரே பிடிக்க முடியாததால் அவள்தான் வாயில் ஊற்றினாள்.

சமமாக முடிந்தால் மறுபடி கோட்டை முகர வேண்டும். அற்புதக்கனி மேடம் முதலில் என்னிடம் வந்தார். “பழசு ஒங்க ஒடம்புல ஏறிட்டு. இப்ப உள்ள இருக்கது ஆல்பர்ட் சாரு,” என்றார். நியாயம்தான். அந்த மனிதர் என் கோட்டுக்குள் பிதுங்கிக்கொண்டு, ஒரு செருமலும் இல்லாமல் நின்றதைப் பார்த்து எனக்கு நன்றாக வியர்த்திருந்தது. அடுத்து ஆல்பர்ட்டிடம் போனார். “பழசு ஏறிட்டு. இப்ப உள்ள இருக்கது ஆவுடையப்பன் சாரு.” ஆக, இரண்டு கோட்டிலும் அடுத்தவர் வியர்வை. இரண்டுமே செல்லாது.

“அப்ப போபாலுக்கு யாரு?” என்று உலகம்மாள் கேட்டாள்.

மேடம் மூக்கைச் சுளித்தார். காற்றில் எதையோ பிடித்துக்கொண்டு மெதுவாகக் கொட்டகையின் மறுகோடிக்கு நடந்தார். நடு லேனின் டார்கெட் முன்னால் போய் நின்றார். அட்டையின் ஓரமெல்லாம் நனைந்து, நடுவிலிருந்த கறுப்பு வட்டம் பளபளத்தது. ஒருமுறைதான் முகர்ந்தார்.

“இத யாரும் சுடல. யாரும் குறிகூட வைக்கல. யாராலயும் வேர்க்கல,” என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார். “தானாத்தான் வேர்த்துருக்கு.”

“புள்ளி?” என்றேன்.

“அது ஒரு குண்டும் தப்ப விடல சார். போபாலுக்கு அதுதான் போகணும்.”

மறுப்பதற்கு ஒன்றுமில்லை. காலையிலிருந்து அது அசையாமல் நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான் கை தட்டினேன். ஆல்பர்ட் போகவில்லை என்பதால் மனதாரத் தட்டினேன். என் கோட்டின் பக்கிளை யாரோ அவிழ்த்துவிட்டதும் ஆல்பர்ட்டும் அதே அளவு மனதாரத் தட்டினார்.

டார்கெட்டை வழியனுப்ப நாங்கள் மூவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். உலகம்மாள் புளியோதரை கட்டிக் கொண்டுவந்திருந்தாள். சுருட்டினால் மடிப்பு விழும் என்று அதை ஜன்னல் ஓரத்தில் நிமிர்த்தி உட்காரவைத்தோம். ஆல்பர்ட் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு, “எறங்குற ஸ்டேஷன்ல எண்ணெய்ப் பலகாரம் மட்டும் வாங்காத,” என்று அறிவுரை சொன்னார். “ஒருதரம் எர்ணாகுளத்துல…” என்று தொடங்கியவரை நான் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

மணி அடித்தது. ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியைக் காட்டினார்.

டார்கெட் என்பது அசையக் கூடாதது. அசைந்தால் போட்டியே செல்லாது. அது உட்கார்ந்திருக்கிற பெட்டியும் அசையக் கூடாது. அந்தப் பெட்டியோடு கோத்திருக்கிற ரயிலும் அசையக் கூடாது. ஆகவே குறித்த நேரத்துக்குப் பிளாட்பாரம் கிளம்பியது. நாங்களும், டீக்கடையும், கொடியைப் பிடித்தபடி ஸ்டேஷன் மாஸ்டரும் மெல்ல நகர்ந்தோம். எங்களுக்குப் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வந்தது. அதற்குப் பின்னால் பஜார், பிறகு எங்கள் தெரு. பல் டாக்டர் கிளினிக் வாசலில் நின்றிருந்தவர்கள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வேகம் எடுத்ததும் உலகம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சிமென்ட் பெஞ்சில் எங்களுக்கும் இடம் போட்டாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு ஆல்பர்ட்டுக்கு முகம் வாடிவிட்டது.

“ஏன் வே?” என்றேன்.

“நீரும் போறீரு, நானும் போறேன், ஊரும் கூடவே வருது,” என்றார். “திரும்பி வந்தா கதை கேக்கதுக்கு யாரு வே இருக்கா?”

நான் திரும்பிப் பார்த்தேன். ஊர் இருந்த இடத்தில் வெறும் பொட்டலில் ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலில் டார்கெட், உட்காரவைத்தபடியே, ஒரு நூல் அசையாமல் இருந்தது.

“அது இருக்கும்லா,” என்றேன்.

ஆல்பர்ட்டுக்குச் சமாதானமாயிற்று. மணியாச்சி ஜங்ஷனில் எங்கள் ஊர் கொஞ்ச நேரம் நின்றது. அவர் இறங்கிப் போய் எல்லோருக்கும் வடை வாங்கிவந்தார்.